கால் கட்டைவிரலில் விளக்கெண்ணெய்

ஒன்றுக்குப் போவதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் ஒரு தை மாதத்தில் தொடங்கி அந்தச் சித்திரைக்குள் தீர்ந்துபோயிற்று. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

எங்கள் காடு மலைமேல், தேவனூர் நாட்டில் இருக்கிறது. மூன்று ஏக்கர். சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, மேட்டுப் பக்கம் மரவள்ளி. எங்கள் அப்பாவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். பெரியவர் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நடுவன் நான், ஐம்பத்தெட்டு வயது. என்னைவிட ஐந்து வயது இளையவன் தம்பி. அவன் காடு என் காட்டை ஒட்டியே இருக்கிறது. மிளகு பறிக்கும் காலத்தில் அவன் காட்டுக்கு நான் போவேன், என் காட்டுக்கு அவன் வருவான். ஒற்றை மூங்கிலில் கணுக்களை மட்டும் கால் வைக்க விட்டுக் கழித்த ஏணி, இடுப்பில் கட்டிய சாக்கு, அவ்வளவுதான் எங்கள் சாமான்கள். பாதி நாள் ஏணியின் மேலேயே போய்விடும்.

அந்தத் தை மாதம் ஏணியில் நிற்கும்போதுதான் முதலில் எரிந்தது. இறங்கிப் போனால் நாலு சொட்டு. மறுபடி ஏறினால் மறுபடி முட்டும். ஒரு மரத்துக்கு நாலு தடவை இறங்கினேன். பக்கத்து மரத்திலிருந்து தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னங்ணா, மரத்துக்கு மரம் தண்ணி பாச்சறீங்க? சம்பளம் சேத்திக் குடுக்கோணுமா?"

"பொத்திக்கிட்டுப் பறிடா" என்றேன். எனக்கு முன்கோபம் அதிகம். வலி வந்தால் கேட்கவே வேண்டாம்.

எரிச்சல் என்றால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான்: சூடு. ஏணியில் நின்றால் சூடு, பைக்கில் போனால் சூடு, கோழிக்கறி தின்றால் சூடு. என் மனைவி வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள். நீராகாரம் கொடுத்தாள். தம்பி மாலையில் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்து, என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டான். சூடு பிடித்தால் இப்படி எண்ணெய் வைப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். தொப்புளிலும் ஒரு சொட்டு விட்டான். சில்லென்று இருந்தது.

"விடியறதுக்குள்ள பாருங்ணா, பைப்பத் தொறந்தாப்பல வரும்" என்றான்.

மூன்று நாள் இப்படி எண்ணெயும் வெந்தயமுமாகப் போயிற்று. உட்கார்ந்தால், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி வலித்தது. நாலாம் நாள் ஏணியில் ஆறாவது கணுவில் நிற்கும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. பல் கிட்டிக்கொண்டது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தம்பி கீழே நின்று என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு கணுவாக வைத்து இறக்கினான். நெற்றியில் கை வைத்தவன் சிரிக்கவில்லை.

சேந்தமங்கலத்துக்குப் பஸ்ஸில் இறங்கினோம். மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண் போட்ட பலகை எழுபதில் தொடங்கி ஒன்றில் முடியும். அன்றைக்கு ஒவ்வொரு பலகையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பஸ் திரும்பும்போதெல்லாம் அடியில் யாரோ கத்தியை வைத்துத் திருகுவது போலிருந்தது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டே வந்தேன்.

சேந்தமங்கலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு இதையும் பார்த்துவிடுவோம் என்று பி.எஸ்.ஏ. என்ற பரிசோதனையையும் சேர்த்துவிட்டார்கள். மதியம் தாள் வந்தது. அங்கிருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நாமக்கல்லுக்குப் போயிருங்க, யூராலஜி டாக்டரைப் பாருங்க, இன்னிக்கே போங்க" என்று மட்டும் சொன்னார். மற்ற எண்கள் எதுவும் என் கண்ணில் படவில்லை. பி.எஸ்.ஏ. என்ற இடத்தில் தடித்த எழுத்து. நாலுக்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. எனக்கு முப்பத்தொன்று.

நாமக்கல் பஸ்ஸில் தம்பி டிக்கெட் வாங்கப் போன நேரத்தில் அந்த மூன்று எழுத்தையும் போனில் தட்டிப் பார்த்தேன். வந்த முதல் வரியிலேயே புற்றுநோய். இரண்டாவது வரியிலும் அதுதான். அதற்குக் கீழே படிக்கவில்லை. போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்கள் என்பது போல.

அவ்வளவு பயப்படக் காரணம் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்த காரணம்.

பெரியவர் இறந்தது முதுகுத்தண்டு நோவில் என்றுதான் ஊர் முழுக்கத் தெரியும். தம்பிக்கும் அப்படித்தான் தெரியும். அவருக்கு முதலில் இடுப்பு வலித்தது. மூட்டை தூக்கியதால் என்றார்கள். தைலம் தேய்த்தார்கள், பச்சிலை வைத்துக் கட்டினார்கள். கால் மரத்துப்போன பிறகு சேலத்துக்குக் கூட்டிப்போனவன் நான். அங்கே என்னைத் தனியாக அழைத்து, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"கீழ வந்த நோவுன்னு ஊருக்குத் தெரியக் கூடாது. கேவலம். முதுகுன்னே சொல்லு. சின்னவன்கிட்டயும் சொல்லாத."

கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் அடித்துக் கொடுத்தேன். நாலு மாதத்தில் போய்விட்டார். கடைசியில் அவரைக் குளிப்பாட்ட உட்காரவைத்தால் வலியில் கத்துவார். அந்தக் கத்தல் என் காதில்தான் இருந்தது, நாமக்கல் போகும் வரைக்கும்.

யூராலஜி டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தம்பியை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். காய்ச்சலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு கையுறை போட்டுக்கொண்டு, "பின்பக்கமா விரல் விட்டுப் பாக்கோணுங்கய்யா, மெதுவாத்தான் பாப்பேன்" என்றார். விரல் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் கதவுக்கு வெளியே இருந்த நர்ஸம்மா ஓடிவந்துவிட்டார். "ஒண்ணுமில்ல சாமி, முடிஞ்சுது முடிஞ்சுது" என்று என் தலையைத் தடவினார். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் என்னைச் சாமி என்று தடவிக்கொடுக்க, நான் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினேன்.

"இவ்வளவு வலிச்சதே ஒருவகைல நல்ல சேதிங்கய்யா" என்றார் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்கு வலிச்சாத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூத்திரப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி, அதன் நடுவே சிறுநீர் போகும் குழாய். "இதுதான் புராஸ்டேட். உங்களுக்குக் கிருமி போயி இது வீங்கியிருக்குதுங்க. விரலுக்குச் சூடாவும் மெத்துன்னும் தட்டுப்படுது, தொட்டா வலிக்குது. திடீர்னு வந்துச்சு, காச்சல் குளிரோட வந்துச்சு, எரியுது. இதெல்லாம் வீக்கத்தோட லட்சணம். கேன்சர் இப்படி ஆர்ப்பாட்டமா வராதுங்க. ஆரம்பத்துல அது சத்தமே போடாது. ஒண்ணுக்கு நல்லாப் போகும், வலி இருக்காது. விரல்ல பாத்தா சில பேருக்குக் கல்லு மாதிரி கெட்டியா ஒரு இடம் தட்டுப்படும், சில பேருக்கு அதுவும் தட்டுப்படாது."

"அப்ப இந்த முப்பத்தொண்ணு?"

"வீங்கினாலும் அது ஏறுமுங்க. வயசாகிச் சுரப்பி பெருத்தாலும் ஏறும், கேன்சர்னாலும் ஏறும். கூரைக்கு மேல பொகை தெரிஞ்சா, அடுப்பெரியுதா ஊடு பத்திக்கிச்சான்னு உள்ள போயிப் பாத்தாத்தானுங்களே தெரியும்? மொதல்ல கிருமியக் கொல்லுவோம். மாத்திரை முழுசாச் சாப்புட்டு, வீக்கம் வடிஞ்சு, அதுக்கப்பறம் ஒரு மாசம் ஒன்றரை மாசம் விட்டு மறுபடி ரத்தம் பாப்போம். இறங்கிருச்சுன்னா வீக்கந்தான். இறங்கலீன்னா மேல பாக்கலாம்."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "அப்பா, கூடப் பொறந்தவங்க, யாருக்காச்சும் புராஸ்டேட் கேன்சர் இருந்துச்சுங்களா?"

சத்தியம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்கும் அதுதான் என்று அவர் எழுதிவிடுவார் என்ற பயம். நான் சொல்லாவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

"இல்லீங்க" என்றேன்.

இரண்டு நாள் அங்கேயே படுக்கவைத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சிறுநீரை எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். நாலு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, "வலி நின்னாலும் நிறுத்தாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் வலி நின்றது. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. ஆனால் வாயெல்லாம் புண். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "இந்த மாத்திரை பொல்லாத சூடுங்க. சூடு புடிச்ச ஒடம்புக்கு இன்னும் சூடேத்தறாங்க, இது என்ன வைத்தியமுங்க?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சூட்டால் வந்த நோவுக்கு யாராவது சூட்டு மாத்திரை தின்பார்களா? அன்றோடு நிறுத்தினேன். மீதி அட்டைகளைத் தானியக் குதிருக்குப் பின்னால் சொருகிவிட்டு மோர் குடித்தேன். இதை ஊரில் யாரிடம் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி எரிந்தது.

இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தியதால் வந்தது என்று தோன்றவே இல்லை. மருந்துக்கு அடங்காத நோவு என்றால் அதுதான் என்று தோன்றியது. டாக்டர் தப்பாகப் பார்த்துவிட்டார், அண்ணனுடைய நோவு எனக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மிளகை மிதித்துக் காயப்போட்ட களத்தில் உட்காரமுடியாமல் நின்றுகொண்டே கிளறுவேன். முதுகில் சின்னதாக ஒரு பிடிப்பு வந்தாலும், எலும்புக்கு வந்துவிட்டது என்று நினைப்பேன். நிலைக்கதவில் முதுகுத்தண்டை அழுத்தி, எந்த இடத்தில் வலிக்கிறது என்று ஒவ்வொரு கணுவாகப் பார்ப்பேன். காலில் கிள்ளிப் பார்ப்பேன், மரத்திருக்கிறதா என்று. எட்டுக்கையம்மனுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன். மறுநாள் ஒன்று போதாது என்று இரண்டாக்கினேன். சோறு இறங்கவில்லை. எடை குறைந்தது. எடை குறைவதும் அந்த நோவின் அடையாளம் என்று போனில் படித்து இன்னும் பயந்தேன்.

ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டு, பட்டா, பாஸ் புத்தகம் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று காட்டினேன்.

"ஏனுங்ணா, காசிக்கு ஏதும் போறீங்களா?" என்று சிரித்தான்.

"சொல்றதக் கேளு. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்ணா. ஒண்ணுக்குத்தான் ஆகமாட்டேங்குது."

அந்தப் பெட்டியின் மூடியை அவன் கைமேலேயே சாத்தினேன். விரலை உதறிக்கொண்டு அப்போதும் சிரித்தான். இரும்பு மாதிரி இருந்தான். தினமும் இரண்டு மூட்டை மரவள்ளி தூக்குவான், தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பான், இரவில் படுத்தால் காலையில்தான் எழுவான். எனக்கு அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

என் மனைவி தானியக் குதிரின் பின்பக்கம் கூட்டும்போது மாத்திரை அட்டைகள் கீழே விழுந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே களத்துக்கு வந்தாள்.

"இத்தனையுந் திங்கலீங்களா?"

"நீதான சூடுன்னு சொன்ன!"

"சூடுன்னு சொன்னா மோரு குடிச்சுட்டுத் திங்கோணும். நிறுத்தச் சொன்னனுங்களா? மறுபடி வலிக்குதுங்களா? ஏனுங்க, என்றகிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

நான் கத்தினேன். பெரியவருக்கு வந்த கேன்சர் எனக்கும் வந்துவிட்டது, முதுகுமில்லை ஒரு மண்ணுமில்லை, அவருக்கும் இதே இடம்தான், என்னையும் ஆறு மாதத்தில் தூக்கிக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று ஒரே மூச்சில் கத்திவிட்டு, காய்ந்துகொண்டிருந்த மிளகின்மேலேயே உட்கார்ந்து அழுதேன். உட்கார்ந்தது வேறு உயிர் போக வலித்தது. அவளும் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "வாங்க, காலைல மொதல் பஸ்ஸுக்குப் போலாம்" என்றாள்.

டாக்டரிடம் இரண்டையும் ஒப்புக்கொண்டேன், மாத்திரையை நிறுத்தியதையும் அண்ணனைப் பற்றிச் சொன்ன பொய்யையும். மாத்திரைக்கு நன்றாகத் திட்டினார். "கிருமி பாதி செத்து பாதி பொழச்சுக்கிச்சுங்க. அதான் திரும்ப வந்துருச்சு. இது கேன்சர் திரும்பி வந்ததில்ல, நீங்க அரைகுறையா உட்டது." முதலில் எடுத்த சிறுநீரில் வளர்ந்த கிருமியின் பெயரைக்கூடத் தாளில் காட்டினார். அதற்குப் பொருத்தமான மருந்தை முதலிலிருந்து நாலு வாரம் எழுதினார். என் மனைவியைப் பார்த்து, "அம்மா, நீங்க எண்ணிக் குடுங்க" என்றார்.

அண்ணனைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரத்த சொந்தத்துல ஒருத்தருக்கு இருந்துச்சுன்னா மத்தவங்க கவனமா இருக்கோணுங்கய்யா. உங்களை நான் பாத்துக்கறேன். வேற அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"ஒரு தம்பி. அவனுக்கு ஒரு நோவும் இல்லீங்க."

"நோவு இல்லாதப்பத்தானுங்களே பாக்கோணும். கூட்டிட்டு வாங்க."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சொன்னால் பெரியவரின் சத்தியம் போய்விடும். அதுவுமில்லாமல், இரும்பு மாதிரி இருப்பவனிடம் போய் என்னவென்று சொல்வது? என் பயத்தில், அதே ரத்தம்தான் அவனுக்கும் ஓடுகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. என் மனைவி வேளை தவறாமல் மாத்திரையும் மோரும் கொடுத்தாள். வலி போனது, பயம் போகவில்லை. வலி இல்லாமல் இருப்பதும் பயமாகத்தான் இருந்தது. சத்தம் போடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

சித்திரையில் மறு பரிசோதனைக்குப் போகும் நாள். பலாப்பழ நாற்றம் பஸ் முழுக்க இருந்தது. துணைக்குத் தம்பி வந்தான். நாற்பத்துச் சொச்சம் வளைவு வந்தபோது சொல்லிவிட்டேன். பெரியவருக்கு என்ன வந்தது, எந்த இடத்தில் வந்தது, ஏன் மறைத்தேன், டாக்டர் உன்னைக் கூட்டிவரச் சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று, எல்லாம்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான்.

"முதுகுன்னு சொல்லித்தான நானும் தெனமும் தைலம் தேச்சு உட்டேன்" என்றான். பிறகு, "எனக்கென்னங்ணா, ஆத்துத் தண்ணி மாதிரிப் போகுது. சரி, நீங்க பயந்துக்கறீங்கன்னு குடுக்கறேன். ரெண்டு சொட்டு ரத்தம், போனாப் போகட்டும்" என்றான்.

இருவரும் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, மதியம் வரை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவன் இரண்டு தடவை டீ குடித்தான். எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். டாக்டர் தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். ஒன்று புள்ளி ஒன்பது. "இறங்கிருச்சுங்கய்யா. வீக்கந்தான். விரல்லயும் ஒண்ணும் தட்டுப்படல. அண்ணன் விஷயம் இருக்கறதால வருஷத்துக்கொருக்கா பாத்துக்குவோம், அவ்வளவுதான்." நான் வெளியே ஓடி, தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஒண்ணுமில்லடா! ஒண்ணுமில்ல! வெறும் வீக்கம்!" என்று அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவனும் என் முதுகில் தட்டி, "நாந்தான் சொன்னனே, சூடுன்னு" என்று சிரித்தான். "கிடா ரெண்டு இருக்குதுங்ணா, மறந்துராதீங்க."

அப்போது அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நானும் கூடவே போனேன். டாக்டர் தாளைத் திருப்பிவைக்கவில்லை. வலி இருக்கிறதா, எரிகிறதா, காய்ச்சல் வந்ததா, இரவில் எழுந்திருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லீங்க என்றான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னான். ஒவ்வொரு இல்லீங்கவுக்கும், அது சத்தமே போடாது என்று டாக்டர் சொன்னது என் காதில் கேட்டது. எனக்கு அந்தப் பாடம் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"பதினொண்ணு இருக்குதுங்க" என்றார் டாக்டர். "விரல் விட்டுப் பாத்தர்றேன்."

நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கத்துடா, ஒரே ஒரு தடவை கத்துடா என்று வேண்டிக்கொண்டேன். ஒரு சத்தமும் வரவில்லை. கதவு திறந்தபோது அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "வலிக்கவே இல்லீங்ணா. நீங்க எதுக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க?" என்றான்.

வலது பக்கம் ஒரு இடம் கெட்டியாகத் தட்டுப்படுகிறது, ஸ்கேன் எடுத்து ஊசியால் சதை எடுத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராந்தாவில் நான் கத்திக் குதித்த இடத்தைத் தாண்டித்தான் வெளியே வந்தோம். எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கேன்சர்தான். சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. "பெரியண்ணனுக்குத் தெரிஞ்ச நேரத்துக்கும் உங்களுக்குத் தெரிஞ்ச நேரத்துக்கும் நெறைய வித்தியாசம் இருக்குதுங்க" என்று டாக்டர் அவனிடம் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், செய்தால் நல்லபடியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். இரண்டு மாதம் தாமதமானதால் கெட்டுப்போயிற்றா என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். இல்லை என்றுதான் சொன்னார். நான் இன்னும் நம்பவில்லை. என் வலியைப் பற்றி ஊரெல்லாம் தெரியும்படி கத்தியவன், ஒரே ஒரு செய்தியை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூருக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பும் காலையில் தம்பி துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஒரு நாளும் இல்லாத சின்னக் குரலில் கேட்டான்.

"அண்ணா, அந்த விளக்கெண்ணெய் இருக்குதுங்களா?"

"அதுல ஒண்ணும் ஆகாதுடா."

"தெரியுமுங்ணா. சும்மா."

புட்டியை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தேன். அவன் பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தபோது சட்டென்று இழுத்துக்கொண்டான். "நீங்க என்ற காலத் தொடக் கூடாதுங்ணா, குடுங்க, நானே வெச்சுக்கறேன்" என்றான். நான் விடவில்லை. இரண்டு கட்டைவிரல் நகத்திலும் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். பாதம் ஜில்லிட்டிருந்தது. சூடு கொஞ்சமும் இல்லை.

"எனக்குப் பயமா இருக்குதுங்ணா" என்றான் தம்பி.

பஸ் ஹாரன் கேட்கும்வரை அவன் காலை நான் விடவில்லை.